இன்னும் அரைச் சுற்று

தம்பிக்குப் பட்டறை வட்டாரத்தில் பாம்புக்காது என்று பெயர். சும்மா வந்த பெயரில்லை அது. வாசலில் ஒரு கார் வந்து நிற்கும்போதே, செய்துகொண்டிருக்கிற வேலையிலிருந்து தலையைத் தூக்காமல், "மூணாவது பிளக்கைக் கழட்டிப் பாருங்க" என்பான். கழற்றினால் மூன்றாவது பிளக் கரிந்துபோய் இருக்கும். வந்தவர் வாயைப் பிளப்பார். தம்பி மீசைக்குள் சிரித்துக்கொள்வான். அந்தச் சிரிப்புக்காகத்தான் இவன் இந்தத் தொழிலுக்கே வந்தானோ என்று அக்காவுக்குச் சில சமயம் தோன்றும்.

அக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு. பதினாறு வருடம் ஒரு தொழிற்சாலையின் ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸை ஓட்டியவள். ஒருநாள் நிர்வாகம் பஸ்ஸை நிறுத்திவிட்டது. அவ்வளவுதான், வீட்டுக்குப் போ என்றார்கள். புருஷனும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்த தம்பி, ஒரு நாள் காலையில் வந்து வாசலில் நின்று ஹாரன் அடித்தான்.

"வா, வண்டி ஓட்டணும்."

"எந்த வண்டிடா?"

"என் பட்டறைக்கு வர்ற வண்டி. டெஸ்ட்டுக்கு எவனை ஓட்டச் சொன்னாலும் ஆக்சிலேட்டரை உழக்கறான். உன் கால் மாதிரி ஒரே சீரா நிக்க எவன் காலும் நிக்கல. நீ ஓட்டு, நான் காது கொடுக்கறேன்."

அப்படி ஆரம்பித்து நாலு வருடம் ஆகிவிட்டது. அவள் ஓட்டுவாள், அவன் பக்கத்து சீட்டில் அவள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, ஒரு கையை டேஷ்போர்டின் மேல் வைத்துக்கொண்டு வருவான். வேண்டிய சத்தம் வந்ததும் "ம்" என்பான். அவள் ஓரம் கட்டுவாள். அவன் இறங்கி மூடியைத் திறந்து சரிசெய்வான். அந்த "ம்"முக்காகத்தான் ஊரெல்லாம் அவனிடம் வண்டியைக் கொண்டுவந்து விட்டது.

எந்தச் சத்தம் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கதை புரியாது.

கார் யாரையும் முந்தாமல், மேடு ஏறாமல், சாவகாசமாகப் போகும்போது இன்ஜினுக்குள் போகிற காற்றும் பெட்ரோலும் கொஞ்சம்தான். கொஞ்சமாக இருப்பது மெதுவாகத்தான் எரியும். அதனால் பிளக்கில் பொறி வழக்கத்தைவிட முந்தி விழுந்தாக வேண்டும். அதைக் கவனித்துக்கொள்ள, பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் ஒரு சின்னத் தகர டப்பா இருக்கிறது. காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரிலிருந்து ஒரு ரப்பர் குழாய் அதற்கு வரும். கால் லேசாக இருந்தால் இன்ஜின் அந்தக் குழாய் வழியே உறிஞ்சும், டப்பாவுக்குள் இருக்கும் சவ்வு இழுபடும், பொறி முந்தும். காலை அழுத்தி மிதித்தால் உறிஞ்சல் போய்விடும், பொறியும் பழைய இடத்துக்கு வந்துவிடும். வேக்குவம் அட்வான்ஸ் என்பது இவ்வளவுதான்.

ஆனால் பொறி அளவுக்கு மீறி முந்திவிட்டால் வினைதான். மேலே வருகிற பிஸ்டனின் தலையிலேயே நெருப்பு அடிக்கும். அப்போது தகர டப்பாவில் குண்டூசியைப் போட்டுக் குலுக்கினது போல ஒரு சன்னமான சத்தம் வரும். காது சரியாக இருந்தால் கேட்கும். கேட்டும் கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டன் ஓட்டையாகும்.

தம்பியின் முறை ஒன்றே ஒன்று. அந்தச் சத்தம் முதன்முதலாக வருகிற வரைக்கும், பொறியை முந்த வைக்கும் திருகை அரை அரைச் சுற்றாக ஏற்றிக்கொண்டே போவான். வந்ததும் ஒன்றரைச் சுற்று இறக்குவான். முடிந்தது வேலை.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருவோம். அதற்கு நாலு நாள் முன்னால் தம்பி வீட்டில் ஒன்று நடந்திருந்தது. அக்கா மேஜையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். தம்பி தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தவன், கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டு நின்று குடித்தான். ஃப்ரிட்ஜ் கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது. அவன் பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, அது தொண்டை கிழியக் கத்துதே, காதுல விழலையா?" என்று உள்ளேயிருந்து அவன் பெண்டாட்டி கேட்டாள்.

"விழுது விழுது" என்று அவன் சட்டென்று கதவைச் சாத்தினான். ஆனால் சாத்துவதற்கு முன்னால், எது கத்துகிறது என்று தெரியாமல், கண்ணால் அடுப்பைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். அதை அக்கா பார்த்துவிட்டாள். 

இருக்காது என்று நாலு நாளும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பத்து நாள் முன்னால்கூட ஒரு வேனில் சரியாக "ம்" சொன்னானே! சத்தம் வந்த அந்த நொடியே சொன்னானே! காது கேட்காதவன் எப்படிச் சொல்வான்?

வியாழக்கிழமை மதியம் பல் டாக்டர் ஒருவரின் கார் தயாராக இருந்தது. பச்சைக் கார், ஆறு சிலிண்டர், மூன்று கார்புரேட்டர். தம்பி பதினோரு மாதம் உட்கார்ந்து கட்டிய இன்ஜின். வேகத்துக்காக, வால்வுகளைத் திறந்து மூடும் கேமைப் பெரிதாகப் போட்டிருந்தான். அந்த மாதிரி கேம் போட்டால் கார் நின்று உறுமும்போது உறிஞ்சல் பலவீனமாகிவிடும். பழைய டப்பாவின் சவ்வு நடுங்கிக்கொண்டே இருக்கும். அதனால் திருகி அளவு மாற்றக்கூடிய புது டப்பா ஒன்றைத் தேடி வாங்கியிருந்தான். குழாயைக் கழற்றி, டப்பாவின் அந்த வாய்க்குள்ளேயே ஆலன் கீ என்கிற சின்னத் திருகுசாவியை விட்டுத் திருக வேண்டும்.

குழாயைக் கழற்றி ஒரு திருகாணியால் அடைத்துவிட்டு, டைமிங் லைட்டைப் பிடித்து, பொறி விழ வேண்டிய அடிப்படை டைமிங்கை வைத்தான். இதெல்லாம் கண்ணுக்கான வேலை. அதில் ஒரு மயிரிழை பிசகாது. பிறகு திருகாணியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டு, குழாயை மாட்டினான்.

"நாலு மணிக்கு டாக்டர் வர்றார். குடும்பத்தோட இப்படியே நானூறு கிலோமீட்டர் போறாராம். ஏறு அக்கா."

தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் போகிற நேர்ச்சாலையில் அவள் வண்டியை நாலாவது கியரில் போட்டு, அறுபதில் காலை லேசாக வைத்தாள். தம்பி வழக்கம்போல அவள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தான். முதல் தடவை ஒன்றுமில்லை. இறங்கி அரைச் சுற்று ஏற்றினான். இரண்டாவது தடவையும் ஒன்றுமில்லை. மறுபடி அரைச் சுற்று.

மூன்றாவது தடவை வந்தது. குண்டூசி குலுங்கியது.

அந்த நொடியில் அக்காவுக்கு ஒரு யோசனை தோன்றியது. பாழாய்ப்போன யோசனை. இவனுக்கு நிஜமாகவே கேட்கிறதா என்று பார்த்துவிடுவோமே என்று, கண்ணைச் சாலையில் வைத்தபடி முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டாள். ஒரு தசை அசையவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினாள். குண்டூசி குலுங்கிக்கொண்டே இருந்தது. தம்பி "ம்" சொல்லவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காது போய்விட்டது. இவனுக்குக் காது போய்விட்டது.

அவளையறியாமல் கால் ஆக்சிலேட்டரை அழுத்தியது. அழுத்தியதும் உறிஞ்சல் போய், பொறி பின்வாங்கி, சத்தம் அடங்கிவிட்டது. வண்டி பாய்ந்தது.

"ஏன் மிதிக்கறே?"

"கால் வழுக்கிடுச்சு."

"சரி, ஓரம் கட்டு. இன்னும் அரைச் சுற்று ஏத்தறேன்."

வந்துவிட்டதடா பாவி, இறக்கு என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த வார்த்தை என்ன? 'உனக்குக் கேக்கல' என்பதுதானே? பாம்புக்காது என்று ஊர் கூப்பிடுகிறவனிடம், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த தன்னை ஹாரன் அடித்து எழுப்பி வெளியே கூட்டிவந்தவனிடம், அவளா அதைச் சொல்வது? எந்த வாயால் சொல்வது? அவன் குனிந்து ஆலன் கீயைத் திருகுகிற இடத்தையே அவள் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடி திறந்திருந்ததால் அவன் கைகூடத் தெரியவில்லை. பச்சைத் தகரம்தான் தெரிந்தது.

நாலாவது ஓட்டத்தில் சத்தம் சீக்கிரமே வந்தது. அவள் முகம் அசையாமல் காலை அழுத்தி அதை மறைத்தாள். ஐந்தாவதில் இன்னும் பலமாக வந்தது. ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, காற்றுச் சத்தத்தில் அமுக்கப் பார்த்தாள். யாரிடமிருந்து அமுக்குகிறாள்? கேட்காத காதிடமிருந்தா? தலைகால் புரியாத நேரத்தில் கை ஏதாவது செய்துகொண்டிருக்கத்தானே செய்யும்.

"போதும்டா" என்றாள்.

அவன் சட்டென்று நிமிர்ந்தான். "ஏன்? ஏதாச்சும் கேட்டுச்சா?"

இதைவிட நல்ல வாய்ப்பு அவளுக்குக் கிடைத்திருக்காது. கதவைத் திறந்து வைத்து உள்ளே வா என்று கூப்பிட்ட மாதிரியான கேள்வி. அவன் அவள் முகத்தை அப்படி ஆவலாகப் பார்த்தான். தன் குறையை அவள் கண்டுபிடித்துவிட்டாளோ என்று பயந்து பார்க்கிறான் என்று அவள் நினைத்தாள்.

"இல்லடா. நேரமாச்சே, அதான்."

அவன் முகம் மலர்ந்தது. "பாத்தியா! இவ்வளவு ஏத்தியும் சத்தமில்ல. உள்ளே எல்லாம் அவ்வளவு சுத்தமா சேர்ந்திருக்குன்னு அர்த்தம். அக்கா, நான் கட்டினதுலயே இதுதான் ராசாத்தி!" என்று டேஷ்போர்டைத் தட்டிக்கொடுத்தான். திரும்பி வருகிற வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு வந்தான். அவள் அழுதுவிடாமல் இருக்க ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பட்டறை வாசலில் பல் டாக்டர் ஏற்கனவே வந்து நின்றுகொண்டிருந்தார். கூடவே மனைவி, இரண்டு பெட்டி, ஒரு தலையணை, தலையணையை அணைத்தபடி அவருடைய அம்மா. வந்து ஐந்து நிமிடத்துக்குள் பெட்டிகள் ஏறிவிட்டன. அக்கா ஆலன் கீயைத் தேடினாள். அது தம்பியின் பையில் இருந்தது. இருந்தாலும் எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது மிதிப்பது மட்டும்தான். ஓட்டுநர் ஜன்னலருகே போனாள்.

"டாக்டர், வழியில கொஞ்சம் நல்லா மிதிச்சே ஓட்டுங்க. ஒரே சீரா மெதுவா போகாதீங்க."

டாக்டர் சிரித்தார். "என்னம்மா இது, எல்லாரும் மெதுவா போன்னு சொல்வாங்க, நீங்க தலைகீழா சொல்றீங்க?"

பின் சீட்டிலிருந்து அம்மா தலையை நீட்டினார். "அதெல்லாம் முடியாது. நான் ஏறினா என் பிள்ளை அறுபதைத் தாண்ட மாட்டான். முட்டையைக் கொண்டுபோற மாதிரி கொண்டுபோவான். அதுக்குத்தானே நான் வர்றேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். தம்பிதான் உரக்கச் சிரித்தான். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அறுபதில், ஒரே சீராக, லேசான காலோடு நானூறு கிலோமீட்டர். அந்த இன்ஜினைக் கொல்ல இதைவிட நல்ல வழியை யாராலும் சொல்ல முடியாது. பச்சைக் கார் மெதுவாக, பத்திரமாக, முட்டையைப் போலத் தெருமுனை திரும்பிப் போயிற்று.

பிறகு இரண்டு மணி நேரம் அவள் பட்டறையில் இருந்த சாமான்களையெல்லாம் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். தம்பி எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தபடி அந்த இன்ஜினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். இப்போது சொன்னால்கூட டாக்டருக்கு ஃபோன் போட்டு நிறுத்திவிடலாம். குழாயைப் பிடுங்கி அடைத்துவிடச் சொன்னால் போதும், கார் பத்திரமாகப் போய்ச் சேரும். ஒரு ஃபோன். ஒரு வாக்கியம்.

"டேய்."

"சொல்லு அக்கா."

"ஒண்ணுமில்ல. டீ ஆறிடப்போகுது."

இதையே மூன்று முறை செய்தாள். தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. நாலாவது முறை துணியைக் கீழே போட்டுவிட்டு, "டேய், இங்க பாரு, நான் ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தபோது தம்பியின் ஃபோன் அடித்தது.

அவன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவான். கை எண்ணெயாக இருக்கும் என்பான். டாக்டரின் குரல், லாரிகள் போகிற இரைச்சலோடு பட்டறைக்குள் கேட்டது.

"வண்டி நின்னுடுச்சுங்க. பின்னால ஒரே புகை. யாருக்கும் ஒண்ணும் ஆகல, அம்மா பெட்டி மேல உக்காந்திருக்காங்க. என்னன்னே புரியல. கிளம்பினதுலேருந்து சின்னதா ஒரு சத்தம், டப்பாவுல ஆணி குலுங்கற மாதிரி வந்துட்டே இருந்துச்சு. ரேஸ் இன்ஜின்னா அப்படித்தான் போலன்னு விட்டுட்டேன்."

"கிளம்பினதுலேருந்தா?" என்று மட்டும் தம்பி கேட்டான்.

"ஆமாங்க. தெருமுனை தாண்டினதுமே."

"அங்கேயே இருங்க, ஆளையும் வண்டியையும் அனுப்பறேன்" என்று சொல்லி ஃபோனை வைத்தான். பிறகு ஸ்டூலிலிருந்து எழாமலே அக்காவைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவன் புரியாமல் பார்த்தான்.

"அக்கா, அந்தச் சத்தம் வரவே இல்லையே. நான் உன் மூக்கையேதானே பாத்துட்டு இருந்தேன்?"

"மூக்கையா?"

"சத்தம் வந்தா உன் மூக்கு சுருங்கும். எப்பவும் சுருங்கும், உனக்கே தெரியாது. மூணாவது பிளக்கு, நாலாவது பிளக்கெல்லாம் இன்னும் எனக்குக் கேக்கும். இந்தச் சன்னமான சத்தம் மட்டும் ரெண்டு வருஷமா கேக்கல. காது டாக்டர்கிட்ட காட்டியாச்சு, திரும்ப வராதுன்னுட்டாங்க. நீ இருக்கியே, உன் மூக்கு இருக்கேன்னுதான் தொழிலை விடல. உன் மூக்கு சுருங்கினா 'ம்' சொல்வேன். ஒரு தடவைகூட தப்பினதில்ல. இன்னிக்கு ஏன் சுருங்கல?"

அவள் கை தானாகப் போய் மூக்கைத் தொட்டது.

ரெண்டு வருடம்! அந்தப் பட்டறையின் காது அவள் முகத்தில் இருந்திருக்கிறது. அவனைக் காப்பாற்றுகிறேன் என்று அவளே அதைப் பொத்தியிருக்கிறாள்.

"கேட்டுச்சுடா" என்றாள். "மூணாவது தடவையே கேட்டுச்சு. உனக்குக் கேக்கலன்னு தெரிஞ்சா நீ ஒடைஞ்சு போயிடுவியேன்னு... நான்தான் மூஞ்சியை அடக்கிக்கிட்டேன்."

தம்பி பையில் கைவிட்டு ஆலன் கீயை எடுத்தான். அதைப் பார்த்துக்கொண்டே, "அஞ்சு தடவை ஓட்டினியே அக்கா" என்றான்.

இன்ஜினைப் பிரித்தபோது நாலாவது பிஸ்டனில் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை இருந்தது. பல் டாக்டர் பெரிய மனதுக்காரர், காரை வேறு எங்கும் கொண்டுபோகவில்லை. என் தப்புதான், டைமிங் ஏத்திட்டேன் என்று தம்பி அவரிடம் சொன்னான். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளைத் திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம்.

மூன்று மாதம் கழித்து அதே சாலையில், அதே காரை, அவள்தான் ஓட்டினாள். இப்போது ஒளிவுமறைவு எதுவுமில்லை. கேட்டால் வாயைத் திறந்து சொல்லிவிடுவது என்று ஏற்பாடு. முதல் சத்தம் வந்ததும் அவள் பதறிப்போய், "கேக்குது, கேக்குது!" என்று கத்தினாள். அவன் இறங்கி முறைப்படி ஒன்றரைச் சுற்று இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தான். மறுபடி அறுபது, நாலாவது கியர், லேசான கால். இன்ஜின் வெண்ணெயாக ஓடியது.

"இப்ப?"

"இல்லடா. சுத்தமா இருக்கு."

அவன் அவள் மூக்கைப் பார்த்தான். பார்க்கிறான் என்று தெரிந்ததும் அவளுக்கு மூக்கை என்ன செய்வதென்று தெரியவில்லை. அது சுருங்குகிறதா, சுருங்காமல் அடக்குகிறாளா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

"நிஜமா இல்லையா?"

"உன் மேல சத்தியமா இல்லடா. நம்புடா."

"நம்பறேன் அக்கா" என்றான் அவன். "ஓரம் கட்டு."

அவள் ஓரம் கட்டினாள். அவன் இறங்கிப் போய், மூடியைத் திறந்து, சரியாக இருந்த இடத்திலிருந்து இன்னும் அரைச் சுற்று இறக்கினான்.